திங்கட்கிழமை போஸ்டர்

அரியலூர்
11.2.1998

அண்ணன் வீரமணிக்கு வெற்றிச்செல்வி எழுதுவது.

நான் நலம். என் புருஷனும் நலம். இதை முதல் வரியிலேயே எழுத வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டாய்.

திங்கட்கிழமை விடிந்ததும் என் மாமியார் முத்தாயி பால் வாங்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். போனவர் தூக்குவாளியைத் தெருவில் போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "எம் புள்ள எங்கடி? எம் புள்ளைய என்னடி பண்ணீங்க?" என்று என் தலைமயிரைப் பிடித்தார். அவர் பிள்ளை உள்ளே கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பி, முகத்தைத் தடவி, கையைக் கிள்ளிப் பார்த்த பிறகுதான் என் முடியை விட்டார்.

நானும் போய்ப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு போஸ்டர். கறுப்புக் கட்டம். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் இவர் படம். 'அரியலூர் ரயிலடி கிளப்பின் கோல் கீப்பர் அங்கமுத்து, பெரம்பலூர் விடிவெள்ளி கிளப் அடித்த இரண்டு கோல்களைத் தாங்க முடியாமல் ஞாயிறு மாலை 5 மணியளவில் அகால மரணம் அடைந்தார்.' கீழே, 'ஆழ்ந்த வருத்தத்துடன் விடிவெள்ளி நண்பர்கள்'.

அந்தப் படம் எங்கள் கல்யாணப் படம், அண்ணா. கழுத்தில் கிடப்பது கல்யாண மாலை. ஓரத்தில் என் தோள் கொஞ்சம் தெரிகிறது. என்னை வெட்டி எடுத்தவனுக்குத் தோளையும் வெட்டத் தெரியவில்லை. அந்தப் படம் என்னிடம் ஒன்று இருக்கிறது, உன்னிடம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது பிரதி கிடையாது.

நீ அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவன். படம் போட்டு அச்சடிக்க அதை உலோகத் தகட்டில் பிளாக்காக எடுக்க வேண்டும், திருச்சிக்குக் கொடுத்தனுப்பினால் வர இரண்டு நாள் ஆகும் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். ஞாயிறு மேட்ச், திங்கள் போஸ்டர். அப்படியானால் வெள்ளிக்கிழமையே என் புருஷனைச் சாகடித்து வைத்துவிட்டாய். உன் தங்கச்சி தாலியைப் பற்றி உனக்கு ஒரு நிமிஷம்கூட யோசனை வரவில்லையா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த தையில் யார் ஜெயித்தாலும் இந்தப் போஸ்டர் வேலை வேண்டாம். "இனிமே அந்த வூட்டுப் படிய மிதிக்கக் கூடாது" என்று மாமியார் சொல்லிவிட்டார். எனக்கு அம்மாவைப் பார்க்க வர வேண்டும். அதைக் கெடுத்துவிடாதே.

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
20.2.1998

அன்புத் தங்கை வெற்றிச்செல்விக்கு அண்ணனின் ஆசீர்வாதம்.

கடிதம் வந்தது. அச்சகத்தில் வைத்துத்தான் படித்தேன். முதலாளி பெரியசாமி "என்னப்பா, தங்கச்சி லெட்டர்ல அனல் அடிக்குது" என்றார். மாப்பிள்ளை பந்தை இந்த அளவு கோபத்தோடு பிடித்திருந்தால் போஸ்டரே தேவைப்பட்டிருக்காது என்றேன்.

யார் ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாதா? தொண்ணூற்றைந்தில் திருச்சியைப் பிரித்து நம்ம ஊரை மாவட்டத் தலைநகர் ஆக்கினார்கள். அன்றிலிருந்து உன் ஊர்க்காரர்களுக்கு வயிறு எரிகிறது. "எங்க ஊர்ல ரயிலு நிக்குது, உங்க ஊர்ல என்னடா நிக்குது?" என்று மைதானத்தில் கத்தினார்கள். "கலெக்டரு நிக்கிறாரு" என்றோம். அடுத்த தைக் கடைசி ஞாயிற்றில் மாவட்டக் கோப்பையை ஜெயித்துவிட்டு, உங்கள் கிளப் செத்துவிட்டது என்று ஒரு போஸ்டர் ஒட்டினோம். வெறும் எழுத்து, ஆள் படம் இல்லை. அதற்கு அடுத்த வருஷம் நீங்கள் ஜெயித்தீர்கள். எங்கள் கோல் கீப்பர் வெள்ளைச்சாமி படத்தைப் போட்டு எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒட்டினீர்கள். அந்த வாரம் அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா "செத்தவனுக்கா பொண்ணு கேட்டு வந்தீங்க?" என்று காபியைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. சம்பந்தம் முறிந்தது. இன்றுவரை அவனுக்குப் பெண் அமையவில்லை. அப்போது மாப்பிள்ளை எங்கே போயிருந்தார்? அந்த வாளியில் பசை கலக்கியவர் அவர்தான்.

அவரும் நானும் திருச்சி டீமில் ஒரே அறையில் படுத்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் உன்னைக் கொடுத்தேன். மைதானத்துக்கு வெளியே அவர் என் மாப்பிள்ளை. உள்ளே அவர் ரயிலடி கோல் கீப்பர். இதைப் புரிந்துகொள்ளாமல் தாலி, கீலி என்று எழுதாதே. விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்.

அம்மா சுகமாக இருக்கிறாள். உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். சித்திரையில் வா. மாப்பிள்ளையையும் கூட்டி வா. பந்து பிடிக்கத் தெரியாவிட்டாலும் அவருக்கும் சேர்த்துக் கறி எடுக்கிறேன்.

அன்புடன்
வீரமணி


அரியலூர்
8.2.2000

வீரமணிக்கு,

அண்ணன் என்று எழுத கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் தெரு மளிகைக் கடைக்கு பெரம்பலூரிலிருந்து போன். "அம்மாக்கண்ணுவுக்கு நெஞ்சு வலி, ஜி.எச்.ல சேத்திருக்கு, மகளும் மருமவனும் உடனே வரணும்." கடைக்காரர் ஓடி வந்து சொன்னார். இவர் மேட்சுக்கு ஜெர்சி போட்டு உட்கார்ந்திருந்தார். அதன்மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டார். சுகன்யாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். ரெண்டு வயசுக் குழந்தை பஸ் முழுக்க அழுதது, நானும் அழுதேன்.

ஜி.எச்.சில் வார்டு வார்டாகத் தேடினோம். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். பிணவறைப் பக்கமும் போய் விசாரித்தார் இவர். அப்புறம் வீட்டுக்கு ஓடினோம். அம்மா வாசலில் உட்கார்ந்து ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னாடி இது, தலகூட சீவாம வந்திருக்க?" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததற்குக் காரணம் அவளுக்குப் புரியவில்லை. இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றரை. எங்கள் ஊர் மைதானத்தில் நாலு மணிக்கு மேட்ச். சட்டைப் பொத்தானைக் கழற்றி, உள்ளே இருந்த ஜெர்சியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நாலுக்கு பூஜ்யம். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். எங்கள் ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "மாமியாரூட்டுக்கு மேட்ச வித்துட்டு வந்துட்டான்" என்கிறார்கள். கிளப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். சிமெண்ட் ஆலையில் லோடிங் பிரிவில் இவரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தூக்குப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். போன வருஷம் நாங்கள் ஜெயித்தபோது உன் படத்தைப் போட வேண்டும் என்று பசங்கள் நின்றார்கள். "மச்சான் படம் வேணாம்டா" என்று தடுத்தவர் இவர்.

அம்மாவின் உயிரை வைத்து விளையாடியது யார்? ஆள் பெயரைச் சொல். நீயாக இருந்தாலும் சொல்.

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
1.3.2000

தங்கை வெற்றிச்செல்விக்கு,

பேசியது வெள்ளைச்சாமி. அச்சகத்துக்கு எதிரே இருக்கிற எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினான். மளிகைக் கடை நம்பரை நான் கொடுத்தேன். பூத்துக்கு வெளியே நின்றேன். கண்ணாடி வழியாக அவன் சிரிப்பைப் பார்த்தேன். தடுக்கவில்லை. பெயரைச் சொல் என்றாய், சொல்லிவிட்டேன்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயசாகிறது. உங்கள் போஸ்டரால்தான் தனிக்கட்டையாக நிற்கிறான். அவன் ஒரு போன் பண்ணினான் என்றால் என் வாய் எப்படித் தடுக்கும்? மாப்பிள்ளைக்குக் கோலை விட்டு ஓடி வரத் தெரிந்திருக்கிறது, இரண்டாவது கீப்பரை வைத்துக்கொள்ள உங்கள் கிளப்புக்குத் தெரியவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

அம்மாவிடம் நடந்ததைச் சொல்லவில்லை. "மேட்ச் பாக்க வந்தாங்கம்மா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு வருஷம் கழித்து மகளைப் பார்த்தாள் கிழவி. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டாள். வெள்ளைச்சாமிக்கு அதற்காவது நீ நன்றி சொல்லலாம்.

வீரமணி


அரியலூர்
12.2.2001

விடிவெள்ளி கேப்டன் வீரமணி அவர்களுக்கு,

நேற்று மூன்றுக்கு பூஜ்யம். நீயே ஆடினாய், நீயே பார்த்தாய். ஒரு வருஷம் கெஞ்சி, கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணி, இவர் திரும்பவும் கோலில் நின்றார். ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. எங்கள் ஊர் தனி மாவட்டம் ஆகி இது ரெண்டாவது மாசம். இனி உன் கலெக்டரை நீயே வைத்துக்கொள், எங்களுக்கு ஒருவர் வந்துவிட்டார்.

இன்றைக்கு விடிவதற்குள் உங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒட்டி முடித்துவிட்டார்கள். இந்நேரம் பார்த்திருப்பாய். 'விடிவெள்ளி கிளப் கேப்டன் வீரமணி, மாவட்டம் பறிபோன துக்கத்தோடு மூன்று கோல்களும் சேர்ந்துகொள்ள, மீளாத் துயில் கொண்டார்.' வாசகம் எப்படி? நான் சொல்லி எழுதியது. படமும் நான் கொடுத்தது. என் கல்யாணத்தில் மாலையோடு நிற்கிறாயே, அந்தப் படம். இவர் வேண்டாம் என்றார். "நீங்க பேசாம இருங்க, பொணவறை வரைக்கும் போயி எங்கம்மாவத் தேடுனது மறந்துபோச்சா?" என்றேன். பெட்டியைத் திறந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா பார்த்துவிடுவாளோ என்று பயப்படாதே. உன்னைப் போல யோசனை இல்லாதவள் இல்லை நான். பொங்கல் முடிந்ததும் அவள் ரஞ்சன்குடியில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், மாசி பிறந்துதான் திரும்புவாள். அதற்குள் கிழித்துப் போட்டுவிடு.

இப்போது எப்படி இருக்கிறது, அண்ணா? விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்.

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
3.3.2001

வெற்றிச்செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போஸ்டரைப் பார்த்தேன். பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

இனி இந்த வீட்டுக்கு வராதே. எழுதாதே.

வீரமணி


அரியலூர்
9.10.2001

அண்ணனுக்கு,

எழுதாதே என்றாய். எட்டு மாசம் எழுதவில்லை. போன வெள்ளிக்கிழமை மாமியாருக்குத் தெரியாமல் சுகன்யாவைக் கூட்டிக்கொண்டு சிறுவாச்சூர் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ அச்சகத்தில் இருந்தாய். அண்ணி ஜெயசித்ரா வாசல்படியிலேயே நின்றார். ஒரு கையால் இந்தப் பக்கக் கதவையும் மறு கையால் அந்தப் பக்கக் கதவையும் பிடித்துக்கொண்டு, "அத்தை ரஞ்சன்குடிக்குப் போயிருக்காங்க" என்றார். புரட்டாசியில் அம்மா எதற்கு ரஞ்சன்குடி போகிறாள்? கேட்டேன். "எனக்கென்ன தெரியும், போயிருக்காங்க" என்றார். தண்ணீர் குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. குழந்தைக்குத் தாகம், தெருக்குழாயில் பிடித்துக் கொடுத்தேன்.

ஒரு போஸ்டருக்கு இவ்வளவு கோபமா? நீ ஒட்டினபோது நான் சித்திரையில் வந்து உன் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டேன். அம்மாவின் உயிரைச் சொல்லி ஏமாற்றினீர்களே, அதற்குப் பிறகும் பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனேன். எனக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திருப்பிக் கொடுக்க வேண்டும் போல இருந்தது. கொடுத்துவிட்டேன். சரி, தப்புத்தான். தப்பு என்று எழுதிவிட்டேன், போதுமா?

அம்மாவுக்கு தீபாவளிக்குப் புடவை எடுத்திருக்கிறேன். அரக்கில் மஞ்சள் கரை. எப்போது கொண்டுவரட்டும் என்று ஒரு வரி எழுது.

வெற்றிச்செல்வி


அரியலூர்
14.2.2002

வீரமணி,

நீ மனுஷனா?

ஞாயிறு மேட்சில் நீங்கள் ஜெயித்தீர்கள். நீ மைதானத்துக்கே வரவில்லை என்று இவர் வந்து சொன்னார். திங்கட்கிழமை சுவர் சும்மா இருந்தது. செவ்வாயும் ஒன்றுமில்லை. "உங்கண்ணன் மாறிட்டாரு போலருக்கே" என்றார் இவர். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் இளகியது. நேற்று, புதன்கிழமை காலையில் பார்த்தால் அதே சுவரில், அதே கறுப்புக் கட்டத்தில், அம்மா.

'திருமதி அம்மாக்கண்ணு அவர்கள் 12.2.2002 செவ்வாய் காலை 10 மணியளவில் இயற்கை எய்தினார். இறுதி ஊர்வலம் புதன் மதியம் 3 மணி.' மகன் வீரமணி, மகள் வெற்றிச்செல்வி, மருமகன் அங்கமுத்து என்று குடும்பத்தையே வரிசையாகக் கோத்திருக்கிறாய். மைதானத்துக்கு வராமல் உட்கார்ந்து இந்த எழுத்தைத்தான் கோத்துக்கொண்டிருந்தாயா? பெற்றவளின் படத்தை எடுத்து அச்சு மை தடவ உனக்குக் கை எப்படி வந்தது?

இவர் நம்பிவிட்டார். பாவம், வெள்ளை மனசு. சட்டையை மாட்டிக்கொண்டு, "எந்திரி, முதல் பஸ்ஸப் புடிப்போம்" என்றார். நான் வாசலை மறித்தேன். செவ்வாய் பத்து மணிக்குச் செத்தவளின் படம் போட்ட போஸ்டர் புதன் விடியும்போது அரியலூர்ச் சுவரில் எப்படி இருக்கும்? பிளாக் எடுக்கவே இரண்டு நாள் ஆகுமே. ஞாயிற்றுக்கிழமையே திருச்சிக்கு ஆள் போயிருக்க வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் ஊரில் வேறு யாருக்கும் தெரியாது, அச்சகக்காரன் தங்கச்சியிடம் செல்லுமா? உண்மையாக இருந்தால் ஆள் வந்து சொல்லியிருக்க மாட்டார்களா, பெற்ற மகளுக்குச் சாவுச் சேதியைச் சுவரில் பார்த்தா தெரிந்துகொள்ளச் சொல்வார்கள் என்று இவரைக் கேட்டேன். "போன் பண்ணியாவது பாக்கலாம்" என்றார். போன் வேறா? அந்தப் பக்கம் வெள்ளைச்சாமி எடுத்துச் சிரிப்பதற்கா? நாங்கள் அலறியடித்துக்கொண்டு வந்து இறங்குவதை பஸ் ஸ்டாண்டில் நின்று வேடிக்கை பார்க்கக் காத்திருந்தீர்கள் அல்லவா? வரவில்லை. நன்றாக ஏமாந்தீர்களா?

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டு ஆண்டாயியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன், "அட அது எங்கண்ணன் பண்ற கூத்துக்கா." அப்புறம் நானே ஒரு குடம் தண்ணீரும் தேங்காய்ச் சிரட்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பதினைந்து போஸ்டரையும் சுரண்டினேன். அம்மா முகத்தை என் கையால் சுரண்ட வைத்தாய். மதியச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம், அதையும் எழுதிவிடுகிறேன், நீ தெரிந்துகொள்.

அம்மாவிடம் இதைக் காட்டி, என் மகள் நம்பவில்லை என்று சொல். அவளாவது சந்தோஷப்படட்டும்.

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
28.2.2002

வெற்றிச்செல்விக்கு,

அம்மா செத்தது உண்மை. நேற்று கருமாதி முடிந்தது.

உன் கடிதம் பதினைந்தாம் தேதியே வந்தது. காரியம் எல்லாம் முடியட்டும் என்று பிரித்துப் படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

போன வருஷம் நீங்கள் என் போஸ்டரை ஒட்டிய திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ரஞ்சன்குடியிலிருந்து வந்த பஸ்ஸில் அம்மா இறங்கினாள். மாசி பிறக்கவில்லை, ஒரு நாள் முன்னால் வந்துவிட்டாள். இறங்கும்போதே சுவரைப் பார்த்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகன் படம், மாலை, கறுப்புக் கட்டம். படிக்கத் தெரியாதவளுக்கும் அது தெரியும். படியிலிருந்து அப்படியே விழுந்தாள். இடுப்பு எலும்பு இரண்டாகிவிட்டது. நான் ஓடிப்போய் மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டபோது என் முகத்தைப் பார்த்து இன்னும் அதிகமாகக் கத்தினாள். பேய் என்று நினைத்துவிட்டாள்.

திருச்சியில் இரண்டு மாசம் வைத்திருந்தோம். இந்த வயசில் எலும்பு ஒட்டாது என்றார்கள். ஒரு வருஷம் படுக்கை. முதுகு முழுக்கப் புண். நீ புரட்டாசியில் வந்தபோது அவள் உள்அறையில்தான் இருந்தாள். உன் குரல் கேட்டு, "யாரு வந்திருக்கா?" என்றாளாம். "பால்காரம்மா" என்று ஜெயசித்ரா சொன்னாள். சொல்லச் சொன்னது நான்.

பிளாக் விஷயம் எழுதியிருக்கிறாய். நீ புத்திசாலிதான். தை பத்தாம் தேதியே டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்போதே படத்தைத் திருச்சிக்கு அனுப்பி பிளாக் எடுத்து அலமாரியில் வைத்திருந்தேன். உயிரோடு இருப்பவளுக்கு பிளாக் எடுப்பது எனக்கு முதல் தடவை இல்லை என்று நீ சொல்வாய். சொல்.

அம்மா போனதும் வெள்ளைச்சாமி பைக்கை எடுத்தான். "நான் போயி அது கால்ல வுழுந்தாவது கூட்டியாரேன்" என்றான். வேண்டாம் என்றேன். சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பதினைந்து போஸ்டர் அடித்து, உங்கள் சுவரிலேயே, எப்போதும் ஒட்டுகிற இடத்திலேயே ஒட்டச் சொன்னேன். நீ நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பாய். தெரியும்.

புதன்கிழமை மூன்று மணிக்குத் தூக்க வேண்டியது. ஊர்க்காரர்கள் மகள் வரட்டும் என்று ஐந்து வரை வைத்திருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பயம்தான், ஒருவேளை வந்துவிடுவாயோ என்று. நீ வரவில்லை.

வீரமணி


அரியலூர்
5.3.2002

அண்ணா,

என்னைத் திட்ட என்னிடமே வார்த்தை இல்லை. உன்னைத் திட்ட நிறைய இருக்கிறது, ஆனால் எழுதப்போவதில்லை. இவர் நாலு நாளாக என்னோடு பேசவில்லை. கிளம்பின மனுஷனை வாசலில் மறித்தவள் நான்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்த ஒரு வருஷத்தில் அம்மா என்னைக் கேட்டாளா? போட்டோ நான் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியுமா? என் மேல் கோபத்தோடு போனாளா? எதுவாக இருந்தாலும் எழுது. திட்டினாள் என்றாலும் பரவாயில்லை, அதையே எழுது.

வெற்றிச்செல்வி


அரியலூர்
12.2.2003

அண்ணா,
அம்மா என்னைக் கேட்டாளா?
வெற்றிச்செல்வி


அரியலூர்
12.2.2006

அண்ணா,
இது நாலாவது கார்டு. அம்மா என்னைக் கேட்டாளா?
வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
26.11.2007

வெற்றிச்செல்விக்கு,

உன் ஊரை மறுபடி தனி மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். நடுவில் ஒரு தடவை பிடுங்கி எங்களோடு சேர்த்தார்கள், இப்போது திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பை மேட்ச் அம்மா செத்த வருஷத்தோடு நின்றுபோனது. வெள்ளிக்கிழமை இங்கே சில பசங்கள் அச்சகத்துக்கு வந்தார்கள். தையில் ரயிலடியோடு மறுபடி மேட்ச் வைக்கப்போகிறார்களாம். "அண்ணே, அந்தக் காலத்துல போஸ்டர் ஒட்டுவீங்களாமே, ஒண்ணு அடிச்சுக் குடுங்கண்ணே" என்றான் ஒருவன். ஒரே சிரிப்பு. இப்போது பிளாக் எல்லாம் கிடையாது, கம்ப்யூட்டரில் அரை மணி நேரத்தில் படம் போட்டுவிடலாம். முடியாது என்றேன். வேறு அச்சகத்துக்குப் போயிருப்பார்கள்.

உன் கார்டு ஐந்தும் என்னிடம்தான் இருக்கின்றன. பதில் போடாதது மறந்துபோய் அல்ல. நீ கேட்டுக்கொண்டே கிடக்கட்டும் என்றுதான். இப்போது எழுதுவதும் உன் மேல் இரக்கப்பட்டு இல்லை. ஆறு வருஷமாக இதை நான் ஒருவன் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன், முடியவில்லை. உனக்கும் பாதி வேண்டும்.

போட்டோ நீ கொடுத்தது என்று ஆஸ்பத்திரியிலேயே அவளிடம் சொன்னேன். உன் கடிதத்தைப் படித்தும் காட்டினேன், ஒரு வரி விடாமல். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "புள்ளக்கி உடம்பு நல்லாருக்கான்னு எழுதியிருக்காளா?" என்றாள். சுகன்யாவைக் கேட்டாள்.

நீங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை பதறி ஓடி வந்தபோது, மேட்ச் பார்க்க வந்ததாக அம்மாவிடம் நான் சொல்லியிருந்தேன் அல்லவா? அதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். மேட்ச் என்றால் மகள் வருகிற நாள். ரஞ்சன்குடியிலிருந்து ஒரு நாள் முன்னால் கிளம்பி வந்ததே அதற்காகத்தான். "நேத்து மேட்சு, இன்னைக்கி எம் பொண்ணு வந்திருக்கும்" என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

படுக்கையில் கிடந்த ஒரு வருஷமும் தினம் ஒரு தடவை கேட்பாள். உன் பெயரைச் சொல்ல மாட்டாள், சொன்னால் நான் கத்துவேன் என்று தெரியும். "மேட்சு எப்பப்பா?" என்பாள். "தையிலம்மா" என்பேன். ஆடியிலும் கேட்டாள், ஐப்பசியிலும் கேட்டாள். தை பிறந்ததும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். டாக்டர் ஒரு வாரம் தாங்காது என்ற பிறகு மூன்று வாரம் தாங்கினாள். எதற்காகத் தாங்கினாள் என்று எனக்குத் தெரியும்.

மேட்ச் நடந்த ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்துக்குப் போகவில்லை, அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஜெயசித்ராவைக் கூப்பிட்டுத் தலை சீவிவிடச் சொன்னாள். பவுடர் போடச் சொன்னாள். மதியம் இரண்டு மணி இருக்கும். "இன்னைக்கித்தானப்பா மேட்சு?" என்றாள்.

"இந்த வருஷம் மேட்சு இல்லம்மா, நிறுத்திட்டாங்க" என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. தண்ணீர்கூடக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டாள்.

வீரமணி